மகுடமில்லாத பூ

கல்லூரியின் தாவரவியல் துறையில் எல்லோரும் அவளை லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் எந்நேரமும் ஒரு கைலென்ஸ் தொங்கும். உலர்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிப் பாதுகாக்கும் கூடத்துக்கு அவள் பொறுப்பாளர். தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். தையல் கடை வைத்திருந்த தங்கையோடு குடியிருந்தாள். எப்போதும் சிரித்த முகம்தான். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு கங்கு அணையாமல் கிடந்தது மட்டும் யாருக்கும் தெரியாது.

அதை மூட்டிவிட்டவர் துறைத்தலைவர். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது மலைச்சரிவில் அவள் ஒரு கொடியைக் கண்டெடுத்தாள். கிள்ளினால் பால் வடிந்தது. இலைகள் எதிரெதிராக நின்றன. மகரந்தம் பொடியாக உதிராமல், பூச்சியின் காலில் மாட்டிக்கொள்ளும் இரட்டை மூட்டையாகத் தொங்கியது. எருக்குக்குச் சொந்தம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எருக்கம்பூவின் நடுவில் நிற்குமே ஒரு மகுடம், அது இதில் இல்லை. ஓட்டமும் நடையுமாகப் போய் அவரிடம் காட்டினாள்.

"வச்சுட்டுப் போம்மா, பார்க்கிறேன்" என்றார்.

பார்த்தார். அடுத்த ஆண்டு கட்டுரை வந்தது. மகுடமற்ற பூ, ஆகவே புதிய பேரினம், அதற்குள் ஒரு புதிய இனம். கண்டுபிடித்தவர் அவரே. கடைசி வரியில், பை தூக்க உதவிய மாணவிக்கு நன்றி.

அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. பட்டத்தில் அவர் கையெழுத்து விழ வேண்டியிருந்தது. பிறகு அந்தக் கூடத்திலேயே வேலையும் கிடைத்தது. எருக்கின் சொந்தபந்தம் முழுவதையும் கரைத்துக் குடித்தாள். தனிக்குடும்பமாக இருந்த எருக்கை அரளியின் குடும்பத்தோடு அறிஞர்கள் சேர்த்தபோது, தங்கை ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்:

"அரளியும் எருக்கும் ஒரே வீட்டு ஆளுங்களா? ரெண்டுமே விஷமாச்சே!"

"அதான் பொருத்தம்" என்றாள் அக்கா.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, அவர் பெயர் சூட்டுவதற்கு ஆதாரமாகக் கூடத்தில் வைத்திருந்த மூல மாதிரியிலிருந்து மொட்டுகளை முறைப்படி அனுமதி வாங்கி எடுத்தாள். வெந்நீரில் ஊறவைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வோர் இதழாகப் பிரித்தாள். மகுடம் இருந்தது! நடுத்தண்டோடு ஒட்டிக்கொண்டு, மெல்லிய தோல்போல. பூ விரிந்ததும் அது சுருங்கிக் காணாமல் போய்விடுகிறது. அவர் விரிந்த பூவை மட்டும் பார்த்துவிட்டுப் பேரினத்தையே கட்டியிருந்தார். அது பழைய பேரினம் ஒன்றில் கச்சிதமாகப் பொருந்தியது.

அத்தோடு அவள் மனம் ஆறவில்லை. அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு கொடியும் இதுவும் ஒன்றே என்று காட்டிவிட்டால், அவர் வைத்த இனப்பெயரும் செல்லாக்காசு. இலை பொருந்தியது, பூவும் பொருந்தியது. இடித்தது காய்தான். பழைய கொடியில் காய் வழவழப்பு, இதில் நீளவாக்கில் சிறகு. அந்தக் காயை மாணவியாக மலையேறியபோது பறித்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

"தூக்கிக் குப்பையில போடுக்கா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் தங்கை.

அக்கா காயை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"நாளைக்கு அந்த ஆள் மலையேறி இன்னொண்ணு பறிச்சுட்டு வந்தா? நான் அவரைப் பிடிச்ச மாதிரி அவர் என்னைப் பிடிப்பார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க மாட்டேன்."

காயின் படத்தோடுதான் கட்டுரை வெளிவந்தது. அவருடைய பேரினம் பழையதில் மூழ்கியது. இனம் பிழைத்தது. அதை அவள் பழைய பேரினத்துக்கு மாற்றியதால், பெயரிடும் விதிப்படி கொடியின் பெயரை அடுத்து அவர் பெயர் அடைப்புக்குறிக்குள்ளும் அவள் பெயர் அதன் பின்னாலும் நின்றன. இனி உலகில் யார் அந்தக் கொடியை முறையாக எழுதினாலும், இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அவரே தொலைபேசியில் வந்தார். குரல் தளர்ந்திருந்தாலும் கிண்டல் தளரவில்லை.

"என் மகுடத்தைக் கழட்டிட்டே. ஆனா என் பேரை உன்னால எடுக்க முடியலையேம்மா?"

"எடுக்கலை சார். அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கேன். வெளியே வர முடியாது."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். 

அன்று மாலை தங்கையிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் கட்டுரையை அவளிடம் விரித்துக் காட்டியபோது, அவர் பெயரோடு என்றைக்குமாக ஒட்டி நின்ற தன் பெயரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "படத்தை மட்டும் பாரு" என்றாள்.