எந்தத் தட்டில் நிறைய?

திண்டிவனத்தை அடுத்த ஒரு காலனியில் மாதா கோயில் பின்கட்டில் லூர்துசெல்வி மாலை வகுப்பு நடத்துகிறார். நாலைந்து வயதுப் பிள்ளைகள். பாடங்களை அமைப்பதும் அவர்தான். ஒரு நேரத்தில் ஒரே புது விஷயம். முதலில் தானே செய்து காட்டுவார், பிறகு சேர்ந்து சொல்ல வைப்பார், கடைசியில் தனித்தனியாகக் கேட்பார். தப்புச் சொன்ன பிள்ளைக்குக் கன்னத்தில் ஒரு கிள்ளு, மறுபடியும் பாடம்.

தை மாதம் பூமாலை வந்தாள். கரும்பு வெட்டத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போகிறாள். இந்த வகுப்பில் இருக்கும் மகள் கலைப்பிரியாவுக்குப் படிப்பு ஏறினால் தன் தங்கையிடம் விட்டுப்போவாள். இல்லையென்றால் கூடவே கூட்டிப்போவாள்.

லூர்துசெல்வி பூமாலையையே பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார். வகுப்பில் நடக்கும் பாடப்படியே பூமாலை இரண்டு தட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வைத்து, எதில் நிறைய என்று கேட்டாள். பிள்ளை தயங்காமல் குறைந்த தட்டைத் தொட்டது.

"மூளையே ஏறலியே டீச்சர். கூட்டிக்கினே போயிடறேன்."

"இரு பூமாலை. மத்ததுங்களையும் கேட்டுப் பாக்கறேன்."

தட்டுகளை நகர்த்தாமல் ஒவ்வொருவராக அழைத்தார். வகுப்பில் கெட்டிக்காரனான ஜெனித் உட்பட எல்லாரும் அதே தட்டைத் தொட்டார்கள்.

லூர்துசெல்வி தன் கைகளைப் பார்த்தார். பாடம் முடிந்ததும் நிறைந்த தட்டைப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுப்பது வழக்கம். தின்னக் கொடுப்பதை இடது கையால் நீட்ட அவருக்கு வராது. அதனால் நிறைந்த தட்டு எப்போதும் வலது பக்கம். பிள்ளைகள் அளவை அல்ல, அந்தப் பக்கத்தைத்தான் படித்திருந்தார்கள்; பூமாலையோ நிறைந்ததை மறுபக்கம் வைத்திருந்தாள்.

"பாடம் நான் தப்பா வச்சிட்டேன். புள்ளைங்க ஒழுங்காத்தான் கத்துக்கினு இருக்குதுங்க," என்றார். கரும்பு வெட்டுகிறவர்களை ஏற்றிப்போகும் லாரி வரும்வரை பூமாலையைப் பொறுக்கச் சொன்னார்.

மறுநாள் பிள்ளைகளுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே தட்டுகள், அதே மல்லாட்டை; இடத்தை மட்டும் மாற்றினார். அது சரியான பிறகு, பிள்ளைகள் பார்க்கவே குறைந்த தட்டில் அள்ளிப் போட்டு, இப்போது எது என்று கேட்டார். தன் கண்ணே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், கேட்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டார்.

லாரி வருவதற்கு முந்தின நாள் பூமாலை வந்து தட்டுகளை முன்னும் பின்னுமாக வைத்தாள். கலைப்பிரியா சரியாகத் தொட்டாள். பூமாலை பாதியை மற்றதில் கொட்டினாள். பிள்ளையின் விரல் அங்கே போனது. நம்பாமல் இன்னொரு முறை மாற்றினாள், அதுவும் சரி. பூமாலை அந்தத் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து உரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

"நீ துன்னுகினே இருந்தா அது கொஞ்சமாயிடும்மா," என்றாள் கலைப்பிரியா.

பூமாலை சிரித்துவிட்டாள். தங்கைக்கு அங்கிருந்தே போன் போட்டு, பிள்ளை அவளிடம்தான் இருக்கப்போகிறது என்று சொன்னாள்.