சுவர் இல்லாத தண்ணீர்

கடற்படையில் விமானம் ஓட்டி, பிறகு கப்பல்களுக்குத் தலைமை தாங்கி, இப்போது அட்மிரல் என்ற பெயரோடு ஒரு பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். மாலையில் வேலை முடிந்ததும் பழைய டைரிகளை ஆண்டுவாரியாக அடுக்கி வைத்துப் படிப்பது வழக்கம். இளம் வயது டைரிகளில் செய்தி குறைவு. காற்று எந்தத் திசை, வானம் எப்படி, என்ன சாப்பிட்டேன், அவ்வளவுதான். ஆனால் ‘காற்று தென்மேற்கு, மெல்லியது. கம்பங்கூழ்’ என்ற ஒரு வரி போதும். அந்த நாள் முழுவதும், தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல அசைந்து அசைந்து கண்முன் எழுந்துவிடும்.

அப்படி அடிக்கடி எழுவது, நாடு விடுதலை அடைந்ததற்கு அடுத்த சித்திரை.

எங்கள் ஊர் அரியலூருக்கும் கீழப்பழுவூருக்கும் இடையில். கடலைக் கண்டவர் ஊரில் ஒருவரும் இல்லை. வயல் நடுவே எங்கள் கிணறு இருந்தது. வட்டக் கிணறு, நல்ல ஆழம், சுண்ணாம்புப் பாறையை வெட்டி இறக்கியது. பாறையில் சிப்பியும் சுருள் சங்கும் கல்லாகப் பதிந்திருக்கும். எந்தக் காலத்திலோ அங்கே கடல் இருந்தது என்று பின்னாளில் படித்தேன். அப்போது எங்களுக்கு அவை பாசியில் வழுக்காமல் பிடித்துக்கொள்ள உதவும் மேடுகள். படி அமைந்த விதத்தால், குதிக்கிறவர் இடப்பக்கமாகத் திரும்பித்தான் நீந்த முடியும். சுவரை வலக்கைப் பக்கம் வைத்து ஒரு சுற்று வந்தால் மறுபடியும் படி. நானும் அக்காவும் அப்படித்தான் நீந்தக் கற்றோம். பெரியவளான பிறகு அக்கா கிணற்றில் இறங்கவில்லை. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். மல்லாந்து படுத்தால் மேலே வட்டமாக வானம். அதில் ஒரு பருந்து, அதுவும் வட்டம் போட்டபடி.

யுத்த காலத்தில் கடற்படையில் சேர்ந்தேன். நீச்சல் தேர்வு ஒரு நீண்ட குளத்தில் நடந்தது. ஓரத்து வரிசையில் சுவரை ஒட்டியே நீந்தித் தேறிவிட்டேன். விடுதலைக்குப் பிறகு, கடற்படை தனக்கென்று, கப்பலிலிருந்து பறந்து கப்பலிலேயே இறங்கும் விமானப் பிரிவு ஒன்றைத் தொடங்கப்போவதாகச் சொல்லி இளம் அதிகாரிகளிடம் விருப்பம் கேட்டார்கள். பெயர் கொடுத்தேன். கண், காது, இருதயம் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாக ஒரே ஒரு சோதனை. விமானம் கடலில் விழுந்தால் விமானி நீந்தித் தப்ப வேண்டும் அல்லவா? அதனால் முழு உடுப்போடு துறைமுகத்தில் ஒரு படகிலிருந்து குதித்து, தூரத்தில் நிற்கும் இன்னொரு படகை அடைய வேண்டும்.

குதித்தேன். உப்புநீர் எரித்ததால் கண்ணை மூடிக்கொண்டு நீந்தினேன். களைப்பே இல்லை. கை மரத்தில் பட்டதும் தலையைத் தூக்கினேன். நான் குதித்த அதே படகு. மேலே இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சோதனை அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. லீவு முடிந்து வந்ததும் இன்னொரு முறை, அதிலும் தவறினால் விமானப் பிரிவை மறந்துவிட வேண்டும் என்றார்.

நீரோட்டம் இழுத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். நானும் அதையே நம்பினேன்.

வீட்டில் அம்மாவுக்கு இந்தச் செய்தி இனித்தது.

“நல்லதாப் போச்சு. கப்பல் ஒண்ணு பத்தாதா? அதுலேருந்து வேற பறக்கணுமா?” என்றாள். கூழை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “ஏன்டா, ஏரோப்ளேன் எறங்கறப்ப கப்பல் நிக்கும்ல?”

“நிக்காதும்மா. காத்துக்கு எதிரா வேகமாப் போயிட்டே இருக்கும்.”

“செத்த நேரம் நிறுத்தச் சொன்னா என்னவாம்? பஸ்ஸுக்காரன்கூட கையக் காட்டுனா நிறுத்துறான்.”

சிரித்துக்கொண்டே கூழைக் குடித்தேன். பறக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது கொள்ளிடக் கரையில், திருமானூரை ஒட்டிய ஓர் ஊரில். சித்திரையில் ஆறு முழுக்க மணலாகிவிடும். ஆனால் ஒரு கரையை ஒட்டி நீளமான மடு ஒன்று வற்றாமல் கிடக்கும். கிணற்றைவிடப் பல மடங்கு நீளம். அங்கே பழகிக்கொள்ளலாம் என்று போனேன்.

“கடலே இவரு வேணாம்னு திருப்பி அனுப்பிடுச்சு” என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தார் மாமா, அதாவது அக்காவின் கணவர். “மாப்ள, பேசாம இங்கயே இருந்துடுங்க. எரும மேய்க்க ஆளு வேணும்.”

“நீரோட்டங்க மாமா.”

“ஆமாமா. நீரோட்டம்.”

விடிந்ததும் மூவரும் மடுவுக்குப் போனோம். மணல் இன்னும் குளிர்ந்திருந்தது. நாணலுக்குப் பின்னால் வெளிச்சம் பால்போல் பரவிக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஒரு சுழிப்பும் இல்லை. அக்காவைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டு, மறுகோடியில் இருந்த ஒற்றைப் பனையைக் குறிவைத்து இறங்கினேன். கண்ணை மூடினேன். தண்ணீர் இதமாக இருந்தது. நீந்திக்கொண்டே உறங்கிவிடலாம்போல. நெடுந்தூரம் வந்துவிட்டதாகத் தோன்றித் தலையைத் தூக்கினேன். எதிரே கொலுசு போட்ட இரண்டு கால்கள்.

“என்னடா, அதுக்குள்ள வந்துட்ட?” என்றாள் அக்கா.

திரும்பித் தண்ணீரைப் பார்த்தேன். இந்தத் தண்ணீர் ஓடவில்லை. கடல்மேல் நான் சுமத்திய பழி பொய். கோளாறு எனக்குள்ளேயே இருந்தது. அது இன்னதென்று தெரியாமலே போய்க் குதித்தால், மறுபடியும் அதே படகுக்குத்தான் வந்து சேருவேன்.

“சாமியச் சுத்துறதுக்கு எதிர்த்தாப்புல சுத்துறாரு. அதான் பலிக்க மாட்டேங்குது” என்றார் மாமா.

“நீங்க சும்மா இருங்க. இதுல என்ன கஷ்டம்? நா போறேன் பாரு நேரா.” அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். மாமா வாயைத் திறந்தபடி நின்றார். கல்யாணமாகி இத்தனை ஆண்டுகளில் அவள் நீந்துவாள் என்பதே அவருக்குத் தெரியாது. எத்தனையோ வருடம் தண்ணீரில் இறங்காதவள் மீன்போலப் போனாள். அவளுடைய பச்சைச் சேலை பின்னால் தாமரை இலையாக விரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்தப் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் வளைந்தது, இன்னும் வளைந்தது, அழகாக ஒரு வட்டம் போட்டு எங்களிடமே வந்தது. இடுப்பளவு நீரில் எழுந்து முகத்தைத் துடைத்தாள்.

“பனமரம் எங்கடா?”

மாமா மணலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சிரித்து மாளவில்லை. அக்காவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். சேலையைப் பிழிந்துகொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள்.

“நம்ம கெணறுடா தம்பி” என்றாள் மெதுவாக. “சுவத்துல இடிச்சுக்குவோம்னு ஒடம்பு தானாத் திரும்புது. இங்க ஏது சுவரு? ஆனா ஒடம்புக்கு அது தெரியலியே.”

பாறைச் சுவரை நான் கையால் தொட்டுத் தொட்டு நீந்திய காலமெல்லாம் வலக்கை விரல்களில் ஊறியது. அந்தக் கல் சங்குகளின் சொரசொரப்பைக்கூட அப்போது உணர்ந்தேன்.

இல்லாத சுவரை மறக்கச் சொன்னால் உடம்பு மறக்காது. அதனால் இருக்கிற ஒன்றைக் கொடுப்போம் என்றாள். நான் கரையோரமாக நீந்த வேண்டும். எனக்கு இடப்பக்கம் ஈரமணலில் அவள் நடந்து வருவாள். “நான் கிட்ட வந்தாலும் தப்பு, தூரப் போனாலும் தப்பு. என்னைய அதே எடத்துல வச்சுக்க.”

லீவு முடியும்வரை எல்லாக் காலைகளும் அப்படியே கழிந்தன. நடக்கும்போது அக்காவால் பேசாமல் இருக்க முடியாது. தலை நீருக்கு மேலே வரும்போது ஒரு சொல் கேட்கும், உள்ளே போனால் அமைதி, மறுபடியும் ஒரு சொல். மாமியார். புளிக்குழம்பு. வெள்ளாடு. மறுபடியும் மாமியார். நடுவில் விட்டுப்போனதை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். பச்சைச் சேலை இடது கண்ணின் ஓரத்தில் ஒரே அளவில் நின்றுவிட்டால், திடீரென்று பனைமரம் தலைக்கு மேல் இருக்கும்.

அரியலூர் ஸ்டேஷனில் என்னை ரயில் ஏற்றிவிட அம்மா வந்தாள். தேற வேண்டும் என்று சொல்லவில்லை. தேறக் கூடாது என்றும் சொல்லவில்லை. கட்டுச்சோற்று மூட்டையைக் கையில் திணித்துவிட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துறைமுகத்தில் அன்று தண்ணீர் கறுத்து, எண்ணெய் படர்ந்து கிடந்தது. முதல்முறை சிரித்தவர்கள் இந்த முறையும் வந்திருந்தார்கள். குதித்தேன். கண்ணை எரித்தது. மூடிக்கொண்டேன். இடப்பக்கம் அக்கா தண்ணீர்மேல் நடந்து வந்தாள். கொலுசு நனையவில்லை. புளிக்குழம்பில் மாமியார் உப்பை அள்ளிப் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அது முடிவதற்குள் கையில் மரம் இடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேலே தெரிந்த முகம் ஒன்றும் எனக்குப் பழக்கமில்லை. இரண்டாவது படகுதான். நான் ஏன் அப்படிச் சிரிக்கிறேன் என்று தெரியாமலே அவர்கள் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

பயிற்சிக்குச் சீமைக்கு அனுப்பினார்கள். நாற்பதுகள் முடியும் தறுவாயில், சாம்பல் நிறக் கடல் ஒன்றின்மேல், முதல்முறையாகக் கப்பல் தளத்தில் இறங்கும் நாள் வந்தது. எங்கள் விமானங்களுக்கு மூக்கு நீளம். நேராக வந்தால் அந்த மூக்கே கப்பலை மறைத்துவிடும். அதனால் இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே, ஒரே வளைவாக இறங்கி, கடைசி நொடியில்தான் தளத்துக்கு நேராக வர வேண்டும். பலருக்கு அந்த வளைவு பிடிபடவில்லை. பாதியில் நிமிர்த்திவிடுவார்கள். தளத்தின் இடது ஓரத்தில் இரண்டு கைகளிலும் வண்ண மட்டைகளைப் பிடித்தபடி ஓர் அதிகாரி நிற்பார். அவரைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

திரும்பத் தொடங்கினேன். வலப்பக்கம் ஒரு பாறைச் சுவர் என்னோடு வளைந்து வந்தது. கையை நீட்டினால் சங்கு தட்டுப்படும்போல இருந்தது. கீழே வட்டமாகத் தண்ணீர். இடது கண்ணின் ஓரத்தில் மட்டைகள் ஒரே அளவில் நின்றன. சக்கரம் தளத்தைத் தொட்டபோதுதான் மூச்சை விட்டேன்.

டைரியில் ‘காற்று மேற்கு, பலமானது. இறங்கினேன்’ என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த லீவில் இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். அக்கா வந்திருந்தாள். முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த மட்டைக்காரரு கூடவே நடந்து வருவாராடா?”

“இல்லக்கா. அவரு நின்ன எடத்துலயேதான் நிப்பாரு. கப்பல்தான் நடக்கும்.”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அப்ப கடைசி வரைக்கும் ஒனக்காக நிறுத்தவே இல்லியா அவனுங்க?”