இடது கையால் எழுதிய தேர்வு

நான் இடது கையால் எழுதப் பழகியது வயதுவந்தோர் கல்வித் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். வலது கையால் எழுதினால் என் எழுத்து அச்சுக் கோத்ததுபோல வரும். நாற்பது வயதில் அரிச்சுவடியைத் தொட்ட கூலிக்காரப் பெண் அப்படி எழுத மாட்டாள். இடது கையால் எழுதினால் கொம்பும் சுழியும் கோணிக்கொண்டு, பார்ப்பவருக்குப் புதிதாகக் கற்றவர் எழுத்து என்று தோன்றும். கற்போருக்குக் கடைசியில் வைக்கும் தேர்வின் மதிப்பீட்டுத் தாள் இளமஞ்சள் நிறத்தில் நான்கு பக்கம் இருக்கும். நான் நிரப்பிய தாள்களில் ஒன்று மட்டும் எனக்கு இன்றைக்கும் வரிவரியாக நினைவிருக்கிறது. மேலே இருந்த பெயரை என் சின்னம்மா எழுதியிருந்தார். மற்றதெல்லாம் நான் எழுதியது.

சின்னம்மா என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. சுருளிப்பட்டிக்காரர். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் இரண்டே வருசத்தில் தாய்வீட்டுக்குத் திரும்பியவர். பிள்ளை இல்லை. தாத்தா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தில் அவருக்குப் பாதி, என் மாமாவுக்குப் பாதி. அம்மா தன் பங்கை எப்போதோ விட்டுக்கொடுத்திருந்தார். மாமா பங்கிலும் சேர்த்துச் சின்னம்மாதான் பாடுபட்டார். கவாத்து வெட்டுவது, கொடியைப் பந்தலில் இழுத்துக் கட்டுவது, பழம் வெட்டும் நாளில் ஆள் பிடிப்பது எல்லாம் அவர். பந்தலுக்குக் கீழே நாள் முழுக்கக் குனிந்தே நடந்தாலும், வெளியே வந்துவிட்டால் நிமிர்ந்துதான் நடப்பார். அந்த நிலம் இருந்ததால்தான் அந்த வீட்டில் அவருக்கு ஒரு தட்டு இருந்தது. இதை அப்போது நான் யோசித்ததே இல்லை.

நான் அப்போது வட்டார ஒருங்கிணைப்பாளர். தற்காலிக வேலை. வேலை நிரந்தரமாக வேண்டுமென்று அஞ்சல் வழியில் வயதுவந்தோர் கல்வி நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தேன். திட்டமிடல், கற்போரைத் திரட்டுதல், கண்காணிப்பு, அறிக்கை எழுதுதல் என்று பாடங்கள். வளர்ந்த ஓர் ஆளுக்கு எழுத்து எப்படிப் பிடிபடுகிறது என்பது மட்டும் விருப்பப் பாடமாக இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அதற்குப் பதில் அலுவலக நடைமுறையை எடுத்தேன், மதிப்பெண் வரும் என்று. வந்தது.

சுருளிப்பட்டி மையம் பழம் கட்டும் கொட்டகையில் சாயங்காலம் நடந்தது. ஆள் சேரவில்லை என்று சின்னம்மாவை நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தேன். மூன்றாவது வாரத்தில் பெயரை எழுதிவிட்டார். எழுதிய கையோடு அவர் கேட்டது இது: "பேரு வந்துருச்சு ஆத்தா. பஸ்ஸு போர்டு, ரேசன் கார்டு, பத்திரம், இதெல்லாம் வாசிக்க எப்ப வரும்?"

"அது ரெண்டாங்கட்டம் சின்னம்மா. மொதல்ல எல்லாரும் கையெழுத்துக்கு வரட்டும்."

ரெண்டாங்கட்டம் வரவே இல்லை. மதிப்பீட்டு நாள் வந்துவிட்டது. மையத்தில் ஒருவர்கூடத் தவறக் கூடாது என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். எல்லா வட்டாரத்திலும் எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். பெண்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் கொட்டகையில் உட்கார்ந்து இடது கையால் மிச்சத்தை எழுதி முடித்தேன். சின்னம்மா தாளில் 'உங்கள் ஊரைப் பற்றி ஐந்து வரி எழுதுக' என்ற கேள்விக்கு அருவியைப் பற்றி எழுதினேன். நன்றாகவே எழுதினேன், வேண்டுமென்றே இரண்டு பிழையோடு.

நிறைவு விழாவில் மை ஒற்றும் டப்பாக்களைச் சேர்த்து வாய்க்காலில் எறிந்தோம். கைநாட்டு ஒழிந்தது என்று கோஷம் போட்டோம். பிறகு ஓர் உறுதிமொழி. அதை எழுதியவளும் நான்தான். "இனி எந்த இடத்திலும் எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்." வரிசையில் நின்றவர்களில் அதைச் சத்தமாகச் சொன்னது சின்னம்மாதான். அந்த மையத்தையே என் படிப்புக்கான ஆய்வேடாக எழுதி முதல் வகுப்பில் தேறினேன். மாவட்ட அளவில் தேனியில் வேலை கிடைத்தது, அதுவும் தற்காலிகம்தான். மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் கிடைத்தன.

ஒன்றரை வருசம் கழித்து மாமா சின்னம்மாவிடம், "பட்டாவுல பேரு மாத்தணும், கூட்டாத்தான் கையெழுத்துப் போடணுமாம்" என்று சொல்லிப் பத்திர அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அது விடுதலைப் பத்திரம். தன் பங்கை அண்ணனுக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பதாகத் தங்கை எழுதிக் கொடுப்பது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரத்தில் கைநாட்டு வைக்கிற ஆள் என்றால் எழுதியவர் முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டுவார். வாசித்துக் காட்டியதாக ஒரு வரியும் சேர்த்து, அதற்குச் சாட்சியும் வாங்குவார். கையெழுத்துப் போடுகிறவர் என்றால் தாளை நீட்டுவார், அவ்வளவுதான். அன்றைக்குப் பத்திரம் எழுதியவர் நல்ல மனிதர்போல. சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார்.

"வாசிச்சுக் காட்டவாம்மா?"

தான் சொன்ன பதிலைச் சின்னம்மாவே என்னிடம் பிறகு சொன்னார். "வேணாம் சார். நான் படிச்சவ."

நாலு பேர் முன்னால் அண்ணன் பெருமையாகப் பார்த்தாராம். "எந் தங்கச்சி கைநாட்டு இல்ல சார்" என்றும் சொன்னாராம். சின்னம்மா ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாக, ஓர் எழுத்து விடாமல், நான் சொல்லிக் கொடுத்தபடியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அடுத்த பருவத்தில் உரத்துக்காகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனபோதுதான் விசயம் தெரிந்தது. "ஒங்க பேர்ல நெலமே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டார்கள். மாமா மறைக்கவும் இல்லை. "தெரிஞ்சுதான கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டார். உத்தமபாளையத்து வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, படிக்கத் தெரியாதவர் என்று நிரூபித்தால் வழி இருக்கிறது என்றார். ஆனால் படித்தவர் என்று அரசு கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. அந்தத் தேர்வை அவர் எழுதவில்லை என்று எழுதினவரே சொன்னால்தான் உண்டு.

சின்னம்மா ஒரு பை திராட்சையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். மின்விசிறிக்கு நேராக உட்காரவைத்தேன். விவரம் சொன்னார். எனக்கு அடுத்த மாதம் நிரந்தரப் பணிக்கான நேர்காணல் இருந்தது. தேர்வுத் தாளை நானே நிரப்பினேன் என்று எழுதிக் கொடுத்தால் நேர்காணல் என்ன, இருக்கிற வேலையும் போகும். மற்ற வட்டாரத்துத் தாள்களையும் எடுத்துப் பார்ப்பார்கள். ஊரே சேர்ந்து என்னைக் காறித் துப்பும்.

"யோசிச்சுச் சொல்றேன் சின்னம்மா" என்றேன்.

இரண்டாம் முறை வந்தபோதும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார். "ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுன்னா எழுதிக் குடு ஆத்தா. ஆகும்னா வேணாம். நீயாச்சும் நல்லா இருக்கணும்ல."

பெரிய மனதோடு அவர் சொன்ன வார்த்தையை நான் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டேன். அவர் பஸ் ஏறிய பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் அன்றைக்கு இருந்தது நிம்மதிதான். நேர்காணலில் முழு எழுத்தறிவு பெற்ற மையத்தை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டார்கள். கால் மணி நேரம் பேசினேன். வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு சின்னம்மா அதே தோட்டத்தில் கூலிக்குக் கவாத்து வெட்டினார். மாமா வீட்டில் தட்டு மாறியது, இடமும் மாறியது. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஓர் அறையில் தனியாக உலை வைத்துக்கொண்டார். நான் விசேசத்துக்குப் போனால் தலையைத் தடவி, "மெலிஞ்சு போயிட்டியே ஆத்தா" என்பார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேனியில் அஞ்சல் வழி மாணவர்களுக்கு அதே பாடத்தை நடத்துகிறேன். இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். மேற்பார்வையாளர், திட்ட அலுவலர், தொண்டு நிறுவனம், திறன் பயிற்சி மையம், பாடநூல் தயாரிப்பு என்று அடுக்குகிறேன். எல்லாம் உண்மைதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எனக்கு அது நன்றாகவே உதவியது. கறி சமைத்து, சாப்பிட்டு, ஓய்வூதியமும் வாங்குகிறேன்.

போன மாதம் வகுப்பு முடிந்ததும் கம்பம் பக்கத்து மாணவி ஒருத்தி நின்றாள். புதிய எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறாள். சுருளிப்பட்டியில் எழுத்தறியாதவர்களைக் கணக்கெடுக்கிறாள்.

"மேடம், ஒரு ஆத்தா மட்டும் பேரு குடுக்க மாட்டேங்கிறாக. வாசிக்கச் சொன்னா கண்ணு தெரியலைங்கிறாக. கேட்டா, 'நான் படிச்சவ, எங்க அக்கா மக பரிச்சை வச்சு எழுதிக் குடுத்துருக்கா, அவ பொய்யா எழுதுவா?'ங்கிறாக. படிச்சவுகன்னே போட்டுரவா?"

எந்தத் தெரு, எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. "படிக்கத் தெரியாதவர்னு எழுதும்மா" என்றேன். "யாரு சொன்னதுன்னு போடணுமே மேடம்" என்றாள். என் பெயரைப் போடச் சொன்னேன். அந்தத் தேர்வை எழுதியது நான் என்றும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். இதற்கு ஒரு துணிச்சலும் வேண்டியிருக்கவில்லை. வழக்குப் போடும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டம் இரண்டு கை மாறிவிட்டது. என் ஓய்வூதியத்தை இனி யார் நிறுத்தப் போகிறார்கள்?

அடுத்த ஞாயிறு அவளே வந்து சொன்னாள். படிவத்தை நீட்டியதும் சின்னம்மா பேனாவைத் தொடவில்லையாம். "இதுல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல வாசிச்சுக் காட்டு" என்றாராம். இவள் வாசித்திருக்கிறாள், என் பெயர் உட்பட, ஒரு வரி விடாமல்.

"கேட்டுட்டு என்ன சொன்னாங்க?" என்றேன்.

"'இத அன்னைக்கு எழுதிக் குடுத்துருக்கலாம்'னு சொன்னாக மேடம். அப்புறம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாக."