அக்காவுக்கு அடித்த மேசை

தன் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்றில் ஒரு மேசை அடித்துத் தரச்சொல்லி அக்கா போன் எடுத்தபோது, தையல் மெஷினுக்காக்கும் என்றுதான் நினைத்தேன். இங்கே கனடாவில், ஸ்காபரோப் பகுதியில் வீடு திருத்தும் வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். மேசை எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஆடக் கூடாது. கொஞ்சமும் ஆடக் கூடாது."

ஒரு சனிக்கிழமை மரச் சட்டங்களை என் வேனில் ஏற்றிக்கொண்டு மார்க்கம் நகரிலுள்ள அவள் வீட்டுக்குப் போனேன். நாலங்குலச் சதுரக் கால்கள். மேலே பிளைவூட் பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் திருகினேன். பின்பக்கத்தைச் சுவர்ச் சட்டங்களோடு இறுக்கினேன். அக்கா ஒரு கிளாஸ் தண்ணீரை மேலே வைத்துவிட்டு, விளிம்பைப் பிடித்து முழுப் பாரத்தோடும் அழுத்தினாள்.

"தண்ணி ஆடுது" என்றாள்.

குறுக்குச் சட்டம் இரண்டு கூட அடித்தேன்.

பிறகு அவள் ஒரு பெட்டியிலிருந்து நீண்ட கைபிடி வைத்த இரும்புச் சாமான் ஒன்றைத் தூக்கி விளிம்பில் வைத்தாள். "இதுக்கு மூண்டு ஓட்டை போட்டுத் தா."

"உது என்ன, இடியப்ப உரலோ?"

அவள் சிரிக்கவில்லை. ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அது நிறையத் துப்பாக்கி ரவைகளின் பித்தளைக் கோதுகள்.

"சுட்டு முடிஞ்ச கோது. திருப்பி வெடிமருந்து போட்டு ரவையாக்கிற மெஷின் இது."

"ஆரின்ரை கோது?"

"என்ரை."

கையிலிருந்த ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டில் இருந்துவிட்டேன். சண்டைக் காலத்தில் ஊரில் ஷெல் விழும்போது பங்கருக்குள் என் காதைப் பொத்தியவள் அவள். கனடாவுக்கு வந்த பிறகும், வாணவெடி விடுகிற நாட்களில் பாத்ரூம் கதவைப் பூட்டி, குழாயைத் திறந்துவிட்டு உள்ளே இருப்பாள். பல் டொக்டரிடம் வேலை செய்கிற, உரத்துப் பேசாத மனுசி. அவளிடம் துவக்கு இருக்கிறது.

"லைசென்ஸ் எடுத்து நாலு வருசம். அத்தானுக்குத் தெரியும். உனக்குத்தான் சொல்லேல்லை. உப்பிடி முழிப்பாய் எண்டு தெரியும்."

"ஏன் அக்கா?"

தட்டிலிருந்து ஒரு கோதை எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்தாள். "வேலையிலை ஒரு மனுசி துவக்குச் சுடுற கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவ. முதல் நாள் அழுதிட்டன். பிறகு பாத்தன், நான் விசையை அழுத்தினாத்தான் சத்தம் வரும். அதுக்கு முந்தி வராது. வாழ்க்கையிலை எனக்கு அப்பிடி ஒரு சத்தம் இருந்ததில்லை, தம்பி."

எழும்பிப் போய் ஓட்டை போட்டேன். முதல் ஓட்டை கோணிப்போனது. அவள் அதைக் கண்டாள். பக்கத்தில் வேறொன்று போட்டு மெஷினைப் பூட்டிக் கொடுத்தேன். அன்று அங்கே சாப்பிடாமலே புறப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து, தன்னைக் காரில் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், தான் சுடுவதை வந்து பார் என்று கேட்டாள். போனேன். ஆனால் காரை விட்டு இறங்க முடியவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் என் தோள் துள்ளியது. ஒரு மணித்தியாலத்தால் அக்கா முகமெல்லாம் வேர்வையோடு வந்து ஏறினாள்.

"சரியான பசி" என்றாள். "கொத்துரொட்டி வாங்குவமோ?"

ஓம் என்று காரை எடுத்தேன். வழி முழுக்க அவள்தான் கதைத்துக்கொண்டு வந்தாள்.