டிரைவர் துரைக்கண்ணுவின் பின்சக்கரம்

ஆறாவது சக்கரத்தையும் கட்டையால் தட்டிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கிறார் துரைக்கண்ணு. திண்டிவனம் பேருந்து டிப்போவில் விடியற்காலை ஐந்தே கால் மணி. நடத்துநர் சீனுவாசன் படிக்கட்டில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார். இருபத்தெட்டு வருடங்களில் துரைக்கண்ணு டயரைத் தட்டாமல் ஒரு நாளும் வண்டி எடுத்ததில்லை. காற்று அளக்கும் மீட்டரில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "மீட்டரு பொய் சொல்லும், கட்டை சொல்லாது. டங்குன்னா ஏறு. தொப்புன்னா எறங்கு."

"டாக்டரு மாதிரி ஒண்ணொண்ணா தட்டிப் பாத்துக்கினு கீறீங்களே, ஜனம் விழுப்புரம் போவ வேணாமா?" என்பார் சீனுவாசன்.

"தட்டாத டாக்டருகிட்ட நீ போவியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு. ஜன்னலில் வைத்து வைத்து வலது முழங்கை மட்டும் இன்னொருவருடையதைப் போலக் கறுத்திருக்கும். தெருவில் நடக்கும்போதும், திரும்புவதற்கு முன் வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை, அங்கே கண்ணாடி மாட்டியிருப்பது போல. கல்யாண மண்டபத்தில் முன்வரிசையின் வலது ஓர நாற்காலி காலியாக இல்லையென்றால் கடைசிவரை நின்றுகொண்டே இருப்பார். இத்தனை வருடத்தில் பேருந்தில் ஒரு விபத்து கிடையாது. வீட்டுக் கூடத்தில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. அவர் ஓட்டிய வண்டியின் டயர்கள் மற்ற வண்டிகளுடையதைவிட அதிக தூரம் உழைத்ததற்காக டிப்போவில் கொடுத்தது. வந்தவர்கள் அதை நிமிர்ந்து பார்த்தால் காரணத்தையும் அவரே சொல்லிவிடுவார். "எல்லாம் காத்துதான். டயரு கல்லு மாதிரி இருக்கணும்."

இரண்டு வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒருவரிடமிருந்து அறுநூற்றைம்பது சிசி குரூசர் மோட்டார் சைக்கிள் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். எடை இருநூற்று நாற்பது கிலோ. தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி. கால்களை முன்னால் நீட்டி, நாற்காலியில் சாய்ந்ததுபோல் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். தெருக்காரர்கள் அதற்கு எருமை என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெறுகிற வயதில் இது எதற்கு என்று கேட்டவர்களிடம், "அம்பத்தஞ்சு பேர இழுத்துக்கினு போயாச்சு. இனிமே ஒருத்திய இழுத்துக்கினு போனா போதும்" என்றார்.

அந்த ஒருத்தி அவர் மனைவி தனம். வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். அமாவாசைதோறும் துரைக்கண்ணு லீவு போட, இருவரும் எருமையில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய்வந்தார்கள். மற்ற ஓய்வு நாட்களில் அவர் தனியாக நாலுவழிச் சாலையில் நேராகப் போய், முண்டியம்பாக்கத்தில் டீ குடித்துவிட்டு, நேராகவே திரும்பி வருவார்.

தனத்துக்கு முதல் நாளிலிருந்தே ஒரு குறை உண்டு. வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது.

"இடுப்பு ஒடியுதுங்க. கொஞ்சம் காத்த எறக்கினா இன்னா?"

"எறக்கினா டயரு தேஞ்சு பூடும்."

"வண்டியிலயே ஸ்டிக்கர் ஒட்டிக்கிறானே, ரெண்டு பேரு குந்தினா பின்னாடி சக்கரத்துக்கு முப்பத்தாறுன்னு. நீங்க நாப்பத்தெட்டு வெக்கிறீங்க."

"அது வெளிநாட்டு ரோட்டுக்குப் போட்டது."

"அளவு எழுதிக் குடுத்தா அளவுப்படிதான் தெக்கணும்" என்று தனம் சொல்வார். பேருந்து டயருக்கு நூறுக்கு மேல் காற்று வைத்துப் பழகியவருக்கு நாற்பத்தெட்டே பஞ்சு மாதிரிதான். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

தை அமாவாசையன்று செஞ்சியைத் தாண்டி ஒரு வளைவில், பாதிச் சாலைக்குக் கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் மிதித்து மணி உதிரட்டும் என்று அந்தப் பக்கங்களில் எல்லோரும் செய்வதுதான். துரைக்கண்ணு வேகத்தைக் குறைத்து, ஒதுங்கிப் போக லேசாகச் சாய்த்தார். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. நடக்கிற வேகத்தில்தான் விழுந்தார்கள். தனத்தின் இடது முழங்கையில் தோல் உரிந்தது. ஒயர் கூடையிலிருந்த எலுமிச்சம்பழங்கள் கதிருக்குள் உருண்டன.

எழுந்ததும் துரைக்கண்ணு கதிருக்குச் சொந்தக்காரப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "ரோட்டுல யாரும்மா கேப்பையக் கொட்டச் சொன்னது?"

அவள் எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "காலையிலருந்து எல்லா வண்டியும் போய்க்கினுதான் கீதுங்க. உங்குளுதுதான் படுத்துடுச்சி."

தனம் முழங்கையை ஊதிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம், "மலையனூர் பஸ்சு எப்ப வரும்மா?" என்று மட்டும் கேட்டார்.

அதிலிருந்து மாசி, பங்குனி, சித்திரை என்று மூன்று அமாவாசைக்கும் தனம் பேருந்தில்தான் போனார். துரைக்கண்ணு எருமையில் அதே பேருந்துக்குப் பின்னாலேயே மலையனூர் வரை போனார். தனத்தின் நீல ஹெல்மெட் பின்னிருக்கைக் கொக்கியில் மாட்டியபடி ஆடிக்கொண்டே போகும். கோயில் வாசலில் பேருந்திலிருந்து அவர் இறங்க, வண்டியிலிருந்து இவர் இறங்க, இருவரும் சேர்ந்து உள்ளே போவார்கள். விஷயம் டிப்போவுக்கு வந்து சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை.

"மந்திரிக்குத்தான் பின்னாடி எஸ்கார்ட் போவும். எங்க அண்ணிக்கும் போவுது" என்றார் சீனுவாசன்.

ஒருமுறை தனத்திடமே கேட்டுவிட்டார், அண்ணன் ஓட்டும் பேருந்தில் ஏறுகிறீர்கள், அண்ணன் வண்டியில் ஏன் ஏறுவதில்லை என்று. தனம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "பஸ்சுல ஆறு சக்கரம் கீது. ஒண்ணு வழுக்கினா அஞ்சு புடிச்சிக்கும்" என்றார்.

துரைக்கண்ணு சிரிக்கவில்லை. ஒருத்திக்காக வாங்கிய வண்டி. அந்த ஒருத்தி ஏறாவிட்டால் அது வெறும் இருநூற்று நாற்பது கிலோ இரும்பு.

டயரை மாற்றிவிட்டால் ஏறிவிடுவார் என்று முடிவுசெய்தார். சித்திரை மாத ஓய்வு நாட்களெல்லாம் டயர் பார்ப்பதில் போயின. திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி என்று ஒரு கடை விடவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, டயரின் பக்கவாட்டில் அச்சடித்த நான்கு எண்களில் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று படிப்பார். கட்டைவிரல் நகத்தால் ரப்பரைக் குத்திப் பார்ப்பார். முகர்ந்தும் பார்ப்பார். எல்லாக் கடையிலும் ஒரே கேள்வி: "எத்தினி கிலோமீட்டர் ஓடும்?" விழுப்புரத்தில் ஒருவர், ரிம் அளவு ஒன்றுதான், பேசாமல் கார் டயரையே மாட்டிவிடுங்கள், நாற்பதாயிரம் ஓடும் என்றார். அந்த நாற்பதாயிரம் துரைக்கண்ணுவை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் திண்டிவனத்தில் தேவா கடைக்குப் போனார். தேவாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கார் டயர் என்றதும் அவர் மேசையிலிருந்து ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்து, புது டயர் ஒன்றின் முதுகில் குறுக்காக வைத்தார். ஸ்கேல் ஒரே இடத்தில் நின்று, சீசா பலகை மாதிரி இரண்டு பக்கமும் ஆடியது. அதை எடுத்து எருமையின் பின்சக்கரத்தில் வைத்தார். ஆடவில்லை. மேசைமேல் வைத்ததுபோல் படுத்துக்கிடந்தது.

"நடுவு பூரா மொட்டைணா. ஓரத்துல பாருங்க, ரப்பர் பட்டன் அப்படியே புதுசா கீது. காத்து எவ்ளோ வெப்பீங்க?"

"நாப்பத்தெட்டு."

தேவா ஸ்கேலை எடுக்காமலே அவரைப் பார்த்தார். "அவ்ளோ வெச்சா நடுவு உப்பிக்கும்ணா. நடுவு மட்டும் ரோட்டத் தொடும், நடுவு மட்டும் தேயும். நேரா போற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. சாச்சீங்கன்னா இந்த விளிம்பு மேல ஏறி எறங்கணும். அங்க நாலு மண்ணு கெடந்தாக்கூட படுத்துடும்."

"பஸ்சுக்கு நான் எப்பவும்..."

"பஸ்சு சாயாதுணா. அதுக்கு டயரு தட்டையா இருக்கலாம், கார் டயரும் அப்படித்தான். இது ஒவ்வொரு வளைவுலயும் சாஞ்சி சாஞ்சி எந்திரிக்கிற வண்டி."

துரைக்கண்ணு குனிந்து, தேய்ந்த நடுப்பகுதிக்கும் தேயாத ஓரத்துக்கும் இடையிலிருந்த விளிம்பில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். பிறகு அதே விரலால் வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் தூசியைத் துடைத்தார். முப்பத்தாறு.

கடையில் அவர் அளவுக்கு இரண்டு டயர் இருந்தன. ஒன்று கெட்டி ரப்பர், இருபதாயிரம் ஓடும். இன்னொன்று மெத்து ரப்பர், பன்னிரண்டாயிரம்தான். ஒரு மாதமாகக் கேட்டுவந்த கேள்வியை அன்று கேட்கவில்லை. "எது நல்லா புடிக்கும்?" என்றார். தேவா மெத்தென்றிருந்ததைக் காட்டினார். "ஆனா சீக்கிரம் தேஞ்சிடும்ணா."

"தேயட்டும்" என்றார் துரைக்கண்ணு. கிளம்பும்போது ஒரு காற்று மீட்டரும் வாங்கி, யாரும் பார்க்காதபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

புது டயரின் வழவழப்பு போக நூறு கிலோமீட்டராவது நிதானமாக ஓட்ட வேண்டும் என்று தேவா சொல்லியிருந்தார். துரைக்கண்ணு நாலுவழிச் சாலையை விட்டுவிட்டுப் பனமலைப் பக்கம் ஏரிக்கரை வளைவுகளில் மூன்று நாள் தனியாகச் சுற்றினார். வீட்டில், "புது டயரு போட்டாச்சி" என்று மட்டும் சொன்னார்.

"டயரு புதுசு. ஓட்டுறவரு பழசுதான?" என்றார் தனம்.

வைகாசி அமாவாசையன்று காலையில் தனம் ஒயர் கூடையோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். நிறுத்தம் ஒரு பெட்ரோல் பங்க்கின் வாசலிலேயே இருக்கிறது. துரைக்கண்ணுவும் எருமையை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். நீல ஹெல்மெட் கொக்கியில் ஆடியது. காற்று பிடிக்கும் அய்யப்பன் இரண்டு வருடப் பழக்கத்தில் எதுவும் கேட்காமலே நாற்பத்தெட்டு வைத்துவிட்டுக் குழாயைச் சுருட்டினான்.

துரைக்கண்ணு பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். சாவி முனையால் வால்வை அழுத்தினார். காற்று சீறியது. மீட்டரை வைத்துப் பார்த்தார். நாற்பத்திரண்டு. மறுபடி அழுத்தினார். முப்பத்தெட்டு. அந்தச் சத்தத்தில் தனம் திரும்பினார்.

"இன்னா சார், வெச்சதெல்லாம் எறக்கிட்டீங்க?" என்றான் அய்யப்பன்.

"இவ்ளோ நாளும் தப்பா வெச்சிக்கினு இருந்தேம்பா" என்றார் துரைக்கண்ணு. சக்கரத்தைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் நிறுத்தம் வரை கேட்கும்படி சொன்னார்.

இன்னும் ஒரு முறை அழுத்தி, மீட்டரைப் பார்த்து, முப்பத்தாறு வந்ததும் வால்வு மூடியைத் திருகினார். கட்டை எடுத்துவரவில்லை, கையால்கூடத் தட்டவில்லை. எழுந்தபோது பக்கத்தில் தனம் நின்றிருந்தார். கூடையைக் கணவர் கையில் கொடுத்தார். கொக்கியிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த நான்கு மாதத் தூசியை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார்.