தொகு என்ற பட்டன்

மராத்தி பேசும் வாகடில் எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு சமையல் விக்கி தொடங்கினேன். யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், திருத்தலாம். என் மனைவி மட்டும் எழுதவேயில்லை. அவள் இங்கேயே, போபோடியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள்; எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை அவள் முன் வைத்தேன். திரையின் மேலே இருந்த பட்டனைக் காட்டி, "அரே, இந்த 'தொகு'ன்னா என்னங்க?" என்று கேட்டாள்.

"எடிட் பண்றது."

"அப்போ 'மாத்து'ன்னு போடுங்களேன். வீட்ல யாரு தொகுன்னு சொல்றாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமும். நானும் அந்தச் சொல்லை வாயால் சொன்னதில்லை. அமைப்புகளுக்குள் போய் 'தொகு'வை 'மாத்து' என்றும், 'சேமி'யை 'வெச்சிடு' என்றும் மாற்றினேன். எழுத்தையும் பெரிதாக்கினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரி சொன்னாள்.

மறுநாள் லிஃப்டில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "சார், 'மாற்று'ன்னுதானே வரணும்? பிழையா இருக்கே" என்றார்.

"வேணும்னே போட்டதுதான் சார்" என்றேன்.

அன்று மாலை, கறிவேப்பிலை தாளித்த ஜவ்வரிசிக் கிச்சடி பற்றி அவள் ஆறு வரி எழுதியிருந்தாள். மூன்று எழுத்துப்பிழைகள் இருந்தன. அதை இரண்டு முறை படித்தேன். பிறகு சமையலறைக்குப் போய், ராத்திரிக்கு அதையே செய்யலாமா என்று கேட்டேன்.