எழுத்தாளருடைய அம்மாவின் பதினொரு படங்கள்

வீடுகளுக்கு ஆள் அனுப்பும் எங்கள் நோயாளி பராமரிப்பு நிலையத்தில் அவளை "ஒல்லி" என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்திரண்டு கிலோ. எண்பது கிலோ ஆளை ஒற்றையாகப் புரட்டிவிடுவாள். இருபது வருடம் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம். தன்னை யார் என்ன சொன்னார்கள் என்பதை அவள் மறந்து நான் பார்த்ததில்லை.

கடைசி மூன்று வருடம் ஓர் எழுத்தாளர் வீட்டில், வாதம் வந்து படுத்துவிட்ட அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அவரோ அம்மாவைத் தானே குளிப்பாட்டுவதாகத் தினமும் பேஸ்புக்கில் எழுதினார். ஆயிரம் பேர் அழுதார்கள்.

"எழுதிட்டுப் போறாரு. குளிப்பாட்ட வெந்நீர் வந்தா எனக்குப் போதும்" என்பாள் ஒல்லி.

அந்தப் பதிவுகள் புத்தகமாக வரப்போகும் சமயம். எழுத்தாளரை இருக்கிறபடியே படம் எடுத்து வாசகருக்குக் காட்ட வேண்டும் என்றாராம் பதிப்பாளர். உடனே ஒல்லிக்கு நாலு நாள் விடுப்பு. படத்தில் அவள் நிழல்கூட விழக்கூடாது. திரும்பி வந்து பார்த்தால், அம்மாவின் முதுகெலும்பு முடியும் இடத்தில் பாட்டில் மூடி அளவுக்குப் புண். சத்தம் போட்டாள். மறுநாள் அவர் எழுதினார்: "கூலிக்கு வந்த கைகளின் அலட்சியம் என் தாயைப் புண்ணாக்கிவிட்டது."

பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, எல்லாருக்கும் தெரிந்தது. நிலையம் அவளை நிறுத்தியது. இரண்டு வீடுகள் கதவைச் சாத்தின.

என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். "இருபது வருஷத்துல ஒரு புண்ணு வர விட்டிருப்பேனா? அந்த ஆளை விடமாட்டேன்க்கா."

"அழுதா கண்ணுதான் வீங்கும். போனைக் குடு" என்றேன்.

அந்த நாலு நாளில் அவர் போட்ட படங்கள் பதினொன்று. ஊட்டுகிறார், தலை வாருகிறார், படித்துக் காட்டுகிறார். பதினொன்றிலும் அம்மா மல்லாந்தே கிடக்கிறார். தலையணைச் சுருக்கம்கூட மாறவில்லை. படுத்தே இருப்பவரை, புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றி, சுவரில் தொங்கும் தாளில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். அந்தத் தாளும் அவர் தோளுக்குப் பின்னால் பளிச்சென்று விழுந்திருந்தது. நாலு நாளும் வெறும் கட்டம். அந்த வேலையைச் செய்தவர் கண்ணில்தான் அது படும். அவர் கண்ணில் எப்படிப் படும்?

ஒல்லி படங்களை வரிசையாக அடுக்கி அவர் பதிவுக்குக் கீழேயே போட்டாள். ஒரே வரி: "சார், நாலு நாளா அம்மா மல்லாந்தே இருக்காங்களே, எப்ப திருப்பிப் போட்டீங்க?"

அவர் அழித்தார். அதற்குள் எங்கள் ஆட்கள் ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். நான் மட்டும் முப்பது பேருக்கு அனுப்பினேன், சந்தோஷமாக.

சாயங்காலம் எழுத்தாளர் ஒல்லியை அழைத்தார். "தெரியாம எழுதிட்டேம்மா. பழையபடி வேலைக்கு வந்துடு."

"என் பேரைக் கெடுத்தீங்கல்ல? புண்ணு உங்க நாலு நாள்லதான் வந்துச்சுன்னு நிலையத்துக்கு எழுதிக் குடுங்க."

கொடுத்தார். கையோடு "நானும் தவறு செய்யும் மகன்தான்" என்று ஒரு பதிவும் போட்டு, அதற்கும் இதயங்களை அள்ளிக்கொண்டார். ஒல்லி பல்லைக் கடித்தாள்.

அண்ணனின் லட்சணம் தெரிந்ததும், அவர் தங்கை அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், ஒல்லியையும் தேடிவந்து அழைத்துக்கொண்டாள். ஆறு வாரத்தில் புண் மூடியது. அதன் பிறகு ஒருநாள் எழுத்தாளர் பார்க்க வந்தார்.

"போனை வாசல்லயே வச்சிட்டு வாங்க சார். உங்க தங்கச்சி உத்தரவு."

நாற்காலி நுனியில் ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எழுந்தவரை ஒல்லி கதவருகே மறித்தாள்.

"எங்க சார் அவசரம்? அம்மா விரிப்பு நனைஞ்சிருக்கு. கையைக் கழுவிட்டு வாங்க."